பழைய ஏழு, புதிய ஐந்து

ஏழு பெரியதுதான், ஆனால் பழையது. ஐந்து சின்னதுதான், ஆனால் புதியது. அவ்வளவுதான் சிஸ்டர் விஷயம் என்று சொல்லிவிட்டு விற்பனையாளர் சிக்கந்தர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவர் அவ்வளவுதான் என்று சொன்ன விஷயத்தின் முன்னால் ஜெசிந்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மேசைமேல் இரண்டு கறுப்பு லேப்டாப்புகள் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. இரண்டின் திரையிலும் ஒரே மலை, ஒரே ஏரி. இரண்டின் எழுத்துக் கட்டைகளுக்குக் கீழேயும் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஓடின. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்து ஒன்றைக் கழித்திருக்கலாம். இடது பக்கத்தில் இருப்பதன் பிராசசர் ஐ செவன், பன்னிரண்டாம் தலைமுறை. வலது பக்கத்தில் இருப்பது ஐ ஃபைவ், பதின்மூன்றாம் தலைமுறை. தம்பி பிரிட்டோ எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்த மூன்று மாடல்களில் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்தும், ஒன்றுகூட இந்த மாடிக் கடையில் இல்லை, இதற்கு முன் ஏறி இறங்கிய இரண்டு கடைகளிலும் இல்லை. வரவழைத்துத் தருகிறோம், பத்து நாள் ஆகும் என்றார்கள். பிரிட்டோ திங்கட்கிழமை காலை சென்னையில் இருக்க வேண்டும். கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி, சொந்த லேப்டாப்போடு வர வேண்டும், லேப்டாப் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று கடிதத்திலேயே இருந்தது. இன்று வெள்ளிக்கிழமை. அவன் இப்போது கடைசி செமஸ்டரின் கடைசிப் பரீட்சையில் உட்கார்ந்திருக்கிறான், அணைத்துப் பைக்குள் வைத்த போன் வராந்தாவில் கிடக்கும், பன்னிரண்டரைக்குத்தான் வெளியே வருவான். லிஸ்ட்ல இருக்கறது இல்லன்னா நீயே பாத்து எடுத்துருக்கா, நீ எடுத்தா கரெக்டா இருக்கும் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். நீ எடுத்தா கரெக்டா இருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் எடுத்தது கரெக்டாக இருக்கவில்லை. பிரிட்டோ பிளஸ் டூ முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கணினியில் பதிய வேண்டியிருந்தது. வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தவள் என்றால், காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அப்பா அந்தோணிராஜ் திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அம்மா லூர்து நூல் மில்லுக்குப் போகிறவள். ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வதுவரை தெருவே அவளிடம்தான் வரும், எம்பொண்ணுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை என்று அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பிரவுசிங் சென்டரில் அவள் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஐந்து மணியோடு மூடிவிடும். இடமில்லாமல் பிரிட்டோ வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஆசைப்பட்டது கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். அதை முதலில் போட்டு, அது இல்லையென்று ஆகிவிட்டால்? அதைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தது நிரம்பிவிட்டால்? ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால்? அவர்கள் வீட்டில் யாரும் எங்கேயும் பெரியதை முதலில் கேட்டதில்லை. துணிக்கடையில் அம்மா விலை குறைந்த கீழ் அடுக்கைத்தான் முதலில் காட்டுவாள். காலி பஸ்ஸில் ஏறினாலும் அப்பா கடைசி சீட்டுக்குத்தான் போவார். மறுக்க மாட்டார்கள் என்று தெரிந்ததை முதலில் கேள், அது கைக்கு வந்தபிறகு மற்றதைப் பார்க்கலாம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பார்த்துப் பார்த்துப் படிந்தது. அப்படியே, ஊருக்குப் பக்கத்தில் நிச்சயம் கிடைக்கும் என்றிருந்த சின்னக் கல்லூரியை, மெக்கானிக்கல் பிரிவை, முதல் வரியில் போட்டாள். கோயம்புத்தூரை ஆறாவது வரியில் போட்டாள். கணினி மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து கிடைக்கிற முதல் இடத்தோடு நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. அது முதல் வரியிலேயே நின்றது.

சிக்கந்தர் திரும்ப வந்து, ஒரு டீ சொல்லட்டுமா சிஸ்டர் என்றார். வேண்டாம் என்றாள். அவசரமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை, பன்னிரண்டேகாலுக்கு நான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் பில் போட்டுவிட்டால் விண்டோஸ் எல்லாம் ஏற்றி நானே கையோடு கொடுத்துவிடுவேன் என்றார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா. ஆனால் நல்ல மனிதருக்கும் விற்றாக வேண்டிய சரக்கு என்று ஒன்று இருக்கும் அல்லவா, அது எது, பழைய ஏழா? போன வருஷத்திலிருந்து உட்கார்ந்திருக்கும் பெட்டியா? அவர் ஏழைப்பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்ததா? இல்லை, ஐந்தைப்பற்றிச் சொல்லும்போதுதான் உயர்ந்தது. அல்லது இரண்டுமே இல்லை, இவளுக்குத்தான் காது எங்கேயோ போய்விட்டது. கடைக்குள் ஏசி முதுகில் நேராக அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். அந்த நேரம் பார்த்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் பேச்சுக் கொடுத்தார். மேலூர்க்காரர், பெயர் தனுஷ்கோடி, கல்யாண வீடியோ எடுக்கிறவர், பழைய லேப்டாப்பில் வீடியோ வெட்டி ஒட்டுவதற்குள் அந்தத் தம்பதிக்குப் பிள்ளையே பிறந்துவிடுகிறது என்று சிக்கந்தரிடம் சற்று முன் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏழின்மேல் கண். இரண்டு மாடலிலும் கடையில் இந்த ஒவ்வொன்றுதான் மிச்சம்.

"நீங்க மெதுவா பாருங்க தங்கச்சி. பந்தியில இலைக்குப் பின்னாடி நிக்கற ஆளுதான் நானு. நீங்க எந்திரிச்சாத்தான் எனக்குச் சோறு."

சிக்கந்தர் சிரித்தார். ஜெசிந்தாவும் உதட்டை இழுத்தாள். பந்தியில் பின்னால் ஆள் வந்து நின்றால் அவளால் சாப்பிட முடியாது. பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். எத்தனை கல்யாணத்தில் அப்படி எழுந்திருக்கிறாள். பிரவுசிங் சென்டரிலும் பின்னால் ஆள் நின்றார்கள். அந்த ஏழெட்டுப் பேரின் மூச்சு இப்போதும் பிடரியில் படுவது மாதிரி இருந்தது. ஒருவர் இருமினார், ஒருவர் சில்லறையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே இருந்தார், என்னம்மா முடிஞ்சிதா என்றது ஒரு குரல், முடிஞ்சிருச்சுண்ணே என்று சொல்லி அவள் பட்டனை அழுத்திவிட்டாள். அந்த இடத்தில் நிறுத்தி, இன்னும் ஐந்து நிமிஷம் இருங்கண்ணே என்று சொல்லியிருந்தால். பிரிட்டோவை உள்ளே கூப்பிட்டு, வரிசை சரியாடா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும், அவன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருப்பார். ஆனால் அக்காவுக்குத் தெரியாதது இல்லை என்று அவனும் நம்பினான், அவளும் அதை அவன் நம்பும்படி முகத்தை வைத்துக்கொண்டாள். இங்கே இந்த நேரத்தையும் அப்படித்தான் செலவு செய்துகொண்டிருக்கிறாள், தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. சிக்கந்தர் கோர், கேச், வாட் என்று சொன்னபோதெல்லாம் தலையாட்டினாள். எத்தனை கோர் இருந்தால் நல்லது என்று கேட்க வாய் வரவில்லை. ஏழில் பத்து, ஐந்தில் எட்டு என்று சொன்னார், அல்லது ஐந்தில்தான் பத்தா? ஒவ்வொன்றிலும் பெரியது சிறியது என்று இரண்டு ஜாதி கோர் வேறு இருக்கிறதாம். எண்கள் அவளுக்குப் பயமில்லை, கணிதம் படித்தவள். எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் பயம்.

தலைமுறை என்ற வார்த்தையில் மனம் போய்ச் சிக்கிக்கொண்டது. ஒரு பிராசசருக்குப் பன்னிரண்டு தலைமுறை, பதின்மூன்று தலைமுறை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருந்தது எங்கே சூடானது, எங்கே திணறியது என்று பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் யார் இருந்தார்கள் பார்க்க? தாலுகா ஆபீஸில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் உண்டு; குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கப் போகிறவருக்கு மட்டும். பிரிட்டோவுக்கு அதை வாங்கப் போனபோது, மூத்தவள் பட்டதாரி, ஆகவே இவனுக்குக் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில்கூட அவன் வழியை அவள்தான் அடைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிரிட்டோ சிரித்தான். நீ ஃபர்ஸ்ட் ஜென், நான் செகண்ட் ஜென்க்கா, புதுசு எப்பவும் வேகமா இருக்கும் என்றான். அப்போது அவன் இன்னும் அப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சுக்கும் இப்போதைய பிரிட்டோவுக்கும் நடுவில் இரண்டே வார்த்தை கிடக்கிறது. மார்க் பத்தல.

இடம் ஒதுக்கி இரண்டு வாரம் கழித்து, எந்தக் கல்லூரியில் எந்தக் கட் ஆஃபோடு இடம் முடிந்தது என்று பட்டியல் வெளியானது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அவர்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு நூற்று எழுபத்திரண்டில் முடிந்திருந்தது. பிரிட்டோ நூற்று எழுபத்து நான்கு. அவள் அதைத் திரையில் விரலை வைத்துப் பார்த்தாள், பிறகு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், வரி மாறிப் பார்க்கிறோமோ என்று. மாறவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார், ஏம்மா அந்தக் கோயம்புத்தூர்க் காலேஜு என்னாச்சு என்று கேட்டார். மார்க் பத்தலப்பா என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. வாய் திறந்தது, அது வெளியே வந்தது, அவ்வளவுதான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரிட்டோ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம், காலேஜ் திறந்தபிறகு சொல்லி என்ன பயன் என்று விட்டாள், முதல் செமஸ்டர் முடியட்டும் என்று விட்டாள். பிரிட்டோ அதற்குள் ஒரு வார்த்தை பழகிக்கொண்டான். நம்ம லெவல் அவ்வளவுதான்க்கா. கிரிக்கெட்டில் அவுட்டானால் அது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று அவர்கள் காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தபோது பெயரே கொடுக்காமல் வந்து, அது. அம்மா கறி வைத்து இன்னொரு துண்டு போட வந்தால் தட்டை மறைத்துக்கொண்டு, அதுவே வேடிக்கையாக. எல்லாரும் சிரிப்பார்கள். ஜெசிந்தா தண்ணீர் எடுக்க எழுந்து போவாள். மெக்கானிக்கல் படித்துக்கொண்டே, தானாகவே பார்த்துப் பார்த்து, நண்பனின் கணினியில் ஒரு கேம் செய்து வைத்திருந்தான். வெங்காய மூட்டைகளை லாரியில் சரியாமல் அடுக்க வேண்டும், ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும். அதைச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்பியதுகூட அந்த நண்பன்தான். இவனுக்குத் தெரியாமல்.

இந்தப் பெட்டி தப்பாகிப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கம்பெனியின் மென்பொருளை ஏற்றும்போது திணறும். திரை உறையும். மற்றவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போக, இவன் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லேப்டாப் சரியில்லை என்று அவன் சொல்ல மாட்டான். அக்கா எடுத்தது என்பதால் அது சரியாகத்தான் இருக்கும். ஆகவே சரியில்லாதது தானாகத்தான் இருக்க வேண்டும். நம்ம லெவல் அவ்வளவுதான்க்கா என்று ஒரு மாதத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவான், இந்தத் தடவை சிரிக்கக்கூட மாட்டான். கம்பெனி அனுப்பிய தாளை மறுபடி விரித்தாள். ஐ செவன் அல்லது அதற்கு இணையானது என்று இருந்தது. இணையானது. ஒரு புதிய ஐந்து ஒரு பழைய ஏழுக்கு இணையா? யார் அதைச் சொல்வது? தராசில் வைத்தா பார்க்க முடியும்? அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று அச்சடித்திருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தால் நல்லது, தாண்டினால் தடித்த எழுத்து. புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனால் ஓர் ஆளுக்கு இல்லாத நோய் வந்துவிடும் என்று அவள் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மூன்று முறை பார்ப்பாள். ஜெசிந்தா தட்டினா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று டாக்டரம்மா சொல்வார். நாலு வருஷமாக மூன்று முறை பார்க்கிறாள், எதற்காகப் பார்க்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

தனுஷ்கோடி ஏழின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இது சூடாகுமே தங்கச்சி, ஒரு மணி நேரம் ஓட்டினால் மேலே தோசையே ஊற்றலாம் என்றார். அவருக்கு வேண்டிய பொருளைத்தான் அவர் குறை சொல்கிறார், அவள் விட்டுவிடட்டும் என்று சொல்கிறார், அது தெரிந்தது. ஆனால் தெரிந்ததும் உதவவில்லை, ஏனென்றால் வேண்டுமென்று சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அவளும் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் நெற்றி மாதிரி. ஐந்தின்மேல் வைத்தாள். அதுவும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அல்லது அது தன் கையின் சூடு. போனில் தேடினாள். ஒருவன் ஏழுதான் என்றான், ஒருவன் தலைமுறையைத்தான் பார்க்க வேண்டும் என்றான், ஒருவன் பிராசசரைவிட கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம், இதெல்லாம் தெரியாதவர்கள் லேப்டாப் வாங்கப் போகாதீர்கள் என்றான். போனை மூட விரல் போனது. மூடாமல், விரல் தானாகவே அந்தப் பழைய பக்கத்துக்குப் போனது. அந்தக் கட் ஆஃப் பட்டியல் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது அவள் போய்ப் பார்ப்பாள், யாராவது அதை எடுத்திருப்பார்களா என்று. எடுத்ததில்லை. நான்கு வருஷத்தில் பிரிட்டோ ஒரு முறை, ஒரே ஒரு முறை, கல்லூரியின் பெயரைத் தட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்த்திருப்பானோ? பார்த்துவிட்டுத்தான் நீ எடுத்தா கரெக்டா இருக்கும் என்று சொல்கிறானோ? போன ஈஸ்டருக்கு முன்னால் தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, பொய் சொன்னேன் சாமி என்றாள். எத்தனை தடவை என்று கேட்டார் சாமியார். ஒரு தடவை என்றாள். மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார், அவருக்கு அன்று வெளியே நீண்ட வரிசை. மூன்றையும் சொல்லிவிட்டு எழுந்தாள், முழங்கால் வலி மட்டும் குறைந்தது.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சிக்கந்தர் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, தொப்பிக்குப் பதிலாகத் தலையில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அதுவே கேட்பது மாதிரி இருந்தது. தனுஷ்கோடியும் பேச்சை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஏன் ஏழு? தாளில் ஏழு என்று எழுதியிருக்கிறது, நாளைக்கு யாராவது கேட்டால் தாளைக் காட்டலாம். நாளைக்கு யாராவது கேட்டால். அவள் தேடிக்கொண்டிருப்பது தம்பிக்கு ஏற்ற பெட்டியை அல்ல, தன்மேல் பழி வராத பெட்டியை. அன்றைக்கும் அதைத்தான் தேடினாள். ஒன்றுமே கிடைக்காமல் போய் அப்பா முன்னால் நிற்கக் கூடாது என்றுதான் முதல் வரியை நிரப்பினாள். சரி, அப்படியானால் ஐந்து. ஐந்து என்று சொன்னால் அது தைரியமா, அல்லது தைரியம் மாதிரி காட்டிக்கொள்வதா? வாயைத் திறந்தாள். எது வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் போன் அதிர்ந்தது. பிரிட்டோ. பேப்பர் ரொம்ப ஈசி, முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன் என்றான். பின்னால் பையன்களின் கூச்சல், யாரோ யாருடைய சட்டையிலோ மையை ஊற்றிக்கொண்டிருந்தார்கள், கடைசி நாள். எதக்கா எடுத்த என்று கேட்டான். இன்னும் எடுக்கவில்லை, இரண்டு இருக்கிறது என்று சொன்னாள். இது பழைய ஏழு, இது புதிய ஐந்து என்று சொல்லத் தொடங்கினாள். அவன் முழுசாகக் கேட்கவில்லை, யாரோ அவனை இழுத்தார்கள், சிரித்துக்கொண்டே பேசினான்.

"நீ எதுன்னாலும் எடுக்கா. நீ எடுத்தா கரெக்டா இருக்கும்."

"இல்லடா" என்றாள். "நான் எடுத்தது கரெக்டா இல்ல."

"எது?"

"காலேஜ் லிஸ்ட்டு. நான் வரிசையத் தப்பாப் போட்டுட்டேன். கிடைக்காமப் போயிருமோன்னு பயந்து, கிடைக்கறத மேல போட்டேன். நீ கேட்டது ஆறாவது இருந்துச்சு."

கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு கூச்சல் தள்ளிப் போனது, அவன் எங்கேயோ நடந்து போகிறான் என்று தெரிந்தது. சிக்கந்தர் மெல்ல நகர்ந்து போய் எதையோ துடைக்க ஆரம்பித்தார். தனுஷ்கோடி கூரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தத் தோன்றவில்லை அவளுக்கு, தாழ்த்தினால் நின்றுவிடும்.

"மார்க் பத்தலன்னு சொன்ன."

"பத்துச்சு. ரெண்டு மார்க் கூடவே இருந்துச்சு உனக்கு."

அவன் மூச்சு விடுவது கேட்டது. ஏசிக் காற்றில் மேசைமேல் இருந்த கம்பெனித் தாள் ஓரத்தில் படபடத்தது. மன்னிச்சிருடா என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவன் பரவாயில்லைக்கா என்று சொல்லியாக வேண்டியிருக்கும். அவனிடமிருந்து அதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"லிஸ்ட் வந்த அன்னைக்கே."

"நாலு வருசம்" என்றான். அது கேள்வியில்லை. கோபமா என்று காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள், கோபத்துக்கு ஒரு சூடு இருக்குமே, அது இல்லை. அழுகையா, அதுவும் இல்லை. அவன் குரலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், பசிக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று, அப்பாவிடம் அடி வாங்கப்போவதற்கு முன் ஒன்று. இது அவற்றில் எதுவும் இல்லை. தெரியாத ஓர் ஆள் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"எதையும் எடுக்காத" என்றான். "அங்கயே இரு. நான் வர்றேன். நானே பாத்துக்கறேன்."

போன் அணைந்தது. அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். நானே பாத்துக்கறேன் என்பதில் எதைப் பார்த்துக்கொள்வான், லேப்டாப்பையா, அவளையா, இனிமேல் எல்லாவற்றையுமா. நாலு வருஷமாக இந்த நிமிஷத்துக்குப் பயந்திருக்கிறாள், இதற்குப் பிறகு பயம் இருக்காது என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியும் இருந்திருக்கிறாள். பயம் இருந்தது. ஆனால் முன்பு அது பரண் விளிம்பில் வைத்த பாத்திரம் மாதிரி எந்த நேரம் விழுமோ என்ற பயம், இப்போது விழுந்து உருண்டு கொண்டிருக்கிறது, எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் செய்திருப்பானா? பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறானா, ஓடுகிறானா? பரீட்சை முடிந்த பையன்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் தனியாக பஸ்ஸில் ஏறி, எந்த சீட்டில் உட்காருவான்? சிக்கந்தர் வந்து, கிளம்ப நேரமாகிவிட்டது, எதை எடுத்து வைக்கட்டும், மற்றதை அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். எதை என்று கேட்டால் வழக்கமாக அவள் இது போதும் என்றுதான் சொல்வாள்.

"ரெண்டையும் வைங்க" என்றாள். "என் தம்பி வந்து பாப்பான்."

அப்படியெல்லாம் வைக்க முடியாது சிஸ்டர், இரண்டும் கடைசிப் பீஸ் என்றார். ஏந் தங்கச்சி, எலையிலயும் உக்காந்து அடுத்த எலைக்கும் துண்டு போடுறீங்களே என்றார் தனுஷ்கோடி. பாதி வேடிக்கை, பாதி எரிச்சல். அவளுக்குக் காது மடல் சுட்டது. பின்னால் ஆள் நிற்கிறார். எழுந்துவிட வேண்டும் என்று கால் துடித்தது. அண்ணே, நான் எந்திரிக்க மாட்டேன், அவன் வர்றவரைக்கும் இருங்க, இல்லன்னா போய்ட்டு வாங்க என்று சொன்னாள். தனுஷ்கோடி அவள் முகத்தைப் பார்த்தார். போனில் பேசியதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும். சரி, நான் சாப்பிட்டுட்டு வந்துர்றேன், வர்றவரு பாக்கட்டும் என்று செருப்பைத் தேடிக்கொண்டு போனார். சிக்கந்தர் இரண்டு லேப்டாப்பையும் மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, ரெண்டு மணிக்குள்ள வந்துருவாரா தம்பி என்று கேட்டார். வந்துருவான் என்றாள். வராம இருக்க மாட்டாருல்ல என்றார் அவர், சும்மா, கிளம்புகிற அவசரத்தில். அவள் கம்பெனித் தாளை எடுத்து மடித்தாள். அவர் போய்விட்டார். கடையில் கேஷ் கவுன்டரில் இருந்த பெண்ணையும் அவளையும் தவிர யாரும் இல்லை. மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. திண்டுக்கல்லிலிருந்து இங்கே வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்தும், அவள் எழுந்து நின்றாள்.